கட்டிப்போட்ட கை

பழைய வண்டிகளை உடைத்துப் பிரிக்கும் அந்த யார்டில் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். எட்டுக் கிலோ சம்மட்டியைக் காலையில் தூக்கினால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கீழே வைக்காத தோள் அவனுக்கு. லாரியின் அடிச்சட்டத்தில் துருவேறி இறுகிப்போன ரிவிட்டு ஆணிகளை எடுக்க ஒருவன் உளியைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவன் ஓங்கி அடிக்க வேண்டும். உளி பிடிப்பவனின் பத்து விரலும் அடிப்பவனை நம்பித்தான் இருக்கின்றன. சம்மட்டி அடிக்கிற நாளில் உளி பிடிப்பவன் பக்கத்து ஆளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே பிடிப்பான். இருபது வருஷத்தில் ஒருவனுக்கும் நகம்கூடக் கறுத்ததில்லை.

அதே கையைப் பற்றி ஊரில் வேறொரு பேச்சும் இருந்தது. பேருந்தில் காலை மிதித்துவிட்டு முறைத்த ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. பக்கத்துத் தெரு தச்சனுக்குத் தோள்பட்டை இறங்கியது. யார்டில் இரும்பை நெருப்பால் அறுக்கும் கேஸ் கட்டர் பிடிக்கிறவனை எல்லோரும் கேஸ் என்றே கூப்பிடுவார்கள். அவன் ஒருநாள் சம்மட்டியின் நடையைக் கேலி செய்து நடந்து காட்டினான், முன்பல் இரண்டு போயிற்று. பல்லை மண்ணில் தேடிக்கொண்டிருந்தவனிடம் சம்மட்டியே போய்க் குனிந்து நின்று, "நான் எங்கடா அடிச்சேன்? கை போயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்றான். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான். கூடச் சேர்ந்து பல்லையும் தேடினான்.

வீட்டில் நடந்தது இதைவிட அதிகம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, மாலை நாலு மணிக்கு வீடு திரும்புகிறவள். அவள் முதுகில், விலாவில், கன்னத்தில் அந்தக் கை விழாத இடமில்லை. ஒவ்வொரு தடவையும் அடித்த பிறகு அவன் சுவரோரம் உட்கார்ந்து அந்தக் கையையே வெறுப்போடு பார்ப்பான், ஏதோ தெருநாய் வீட்டுக்குள் புகுந்து கடித்துவிட்ட மாதிரி. அவளும் அதை நம்பிவிட்டாள். நம்பாமல் எப்படி அந்த வீட்டில் படுத்து எழுந்திருப்பது? "மனுஷன் தங்கம். கைதான் முந்திக்கும்," என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவாள். அவளுடைய அக்கா ஒருத்தி ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அடிக்கிற கைதான் அணைக்கும்," என்பாள். அணைத்ததை யாரும் பார்த்ததில்லை. அடித்ததற்கு எக்ஸ்ரே இருக்கிறது.

அந்த எக்ஸ்ரேயை எடுத்தவன் அவளுடைய தம்பி. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் வேலை. ஒரு சாயங்காலம் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது சம்மட்டி வந்து கதவைத் தட்டினான். தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஈரத்தலையோடு அவள் ஓடிவந்து திறக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவ்வளவுதான் காரணம். அவன் அவள் வலது கையை மணிக்கட்டில் பிடித்து, கதவு நிலையில் வைத்து, மடங்காத பக்கமாக மடக்கினான். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவள் கத்தவில்லை, வாயைத் திறந்துகொண்டு தரையில் சரிந்தாள். கை முழங்கைக்குக் கீழே இன்னொரு முழங்கை முளைத்ததுபோல வளைந்து கிடந்தது.

தம்பி படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். உடைந்தது ஒன்றா? புது முறிவுக்கு மேலே, எப்போதோ முறிந்து தானாக ஒட்டிக்கொண்ட பழைய முறிவு ஒன்றும் தெரிந்தது. அக்காவைக் கேட்டான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை, தன் அக்கா வீட்டுக்குப் போனாள். தம்பிதான் சம்மட்டியிடம் வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னான்.

"மாமா, அக்கா சொல்லி அனுப்பிச்சுது. அந்தக் கைக்கு ஒரு வழி பண்ணட்டும், அப்புறம் வர்றேன்னு. இல்லன்னா இந்த ஜென்மத்துக்கு வராது."

"நான் என்ன மாப்ள பண்றது? வெட்டியா போட முடியும்?"

"எங்க ஆஸ்பத்திரியில ஹிப்னாட்டிசம் பண்ணிக் குணமாக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. வந்து பாருங்க."

இரும்பைப் பிளக்கிறவன், ஒரு பொம்பளையின் கண்ணைப் பார்க்கப் பயந்தான் என்று சொன்னால் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவள் இல்லாத வீட்டில் பதினோரு நாள் இருந்து பார்த்திருந்தான். பாத்திரம் விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அவள் வர வேண்டும். அதற்காகக் கிணற்றில் குதி என்றாலும் குதித்திருப்பான்.

டாக்டரம்மாவுக்குக் கண்ணில் காந்தமும் இல்லை, கையில் ஆடும் கடிகாரமும் இல்லை. ஜலதோஷம் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிசியோதெரபி அறைக்குப் பக்கத்தில் சின்ன அறை. சாய்வு நாற்காலி ஒன்று, மேசை ஒன்று, சரியாக மூடாத ஜன்னல் ஒன்று. சம்மட்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுவது என்று ஆரம்பித்தான்.

"தூங்க வச்சிட்டு என்னல்லாம் பண்ணுவீங்க?"

"தூங்க வைக்க மாட்டேன். நான் பேசறது பூரா உங்களுக்குக் கேக்கும். வெளிய ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டுப் போற சத்தமும் கேக்கும்."

"நடுவுல உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? நான் அப்படியே கெடப்பனா?"

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களே கண்ணத் தொறந்து, ஓடிப்போய் ஆள் கூட்டிட்டு வருவீங்க. தயவு செஞ்சு கூட்டிட்டு வாங்க."

"ஒரு மேடையில பாத்தேன். பெரிய மனுஷன் ஒருத்தரக் கோழி மாதிரி கொக்கரிக்க வச்சான் ஒருத்தன்."

"மேடை ஏறினவர் யாரு? கொக்கரிச்சாலும் பரவால்லன்னு ஏறினவர்தானே? வேண்டாம்னு கீழ உக்காந்திருந்தவர எவனாவது கொக்கரிக்க வச்சானா?"

சம்மட்டி ஆனாலும் விடவில்லை.

"மனசுல இருக்கற ரகசியமெல்லாம் ஒளறிடுவனா?"

"சொல்லப் பிடிக்காதத சொல்ல மாட்டீங்க. பொய் சொல்லணும்னாலும் தாராளமா சொல்லலாம். நெறைய பேர் சொல்றாங்க."

"சின்ன வயசுல என்னமோ நடந்திருக்கும், அதத் தோண்டி எடுத்தாக் கோவம் போயிடும்னு மாப்ள சொன்னான்."

"தோண்டினா நடந்ததும் வரும், நடக்காததும் வரும். எது நெசம்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால அந்த வேலைய நான் பண்றதில்ல."

"என்ன மாதிரி உறுதியான ஆளுக்கு இதெல்லாம் ஏறுமா?"

"உறுதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கவனத்த ஒரே எடத்துல வைக்கத் தெரியணும். அது சிலருக்குச் சுலபமா வரும், சிலருக்கு அவ்வளவா வராது. உங்களுக்கு என்ன வேலை?"

அவன் சொன்னான். உளி, சம்மட்டி, ரிவிட்டு எல்லாம் சொன்னான். அவர் மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு வேறொன்று கேட்டார்.

"உங்க முதலாளி மேல கோவம் வந்திருக்கா?"

"வராம? மாசத்துக்கு நாலு தடவ வரும். மனுஷனா அவரு?"

"அவர அடிச்சிருக்கீங்களா?"

"சேச்சே! முதலாளிம்மா அவரு!"

டாக்டரம்மா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முதலாளியைப் பற்றி எதற்கு எழுதுகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. கடைசியாக அவர், "ஒண்ணு சொல்லிடறேன். இது மந்திரம் இல்ல, பயிற்சி. பல வாரம் ஆகும். அதுவரைக்கும் அவங்க வரணும்னு அவசரப்படாதீங்க," என்றார். அவன் தலையை ஆட்டினான். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டான்.

மூன்றாவது தடவை போனபோதுதான் அது நடந்தது. கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். வலது கை கனமாகிறது என்று அவர் மெதுவாகச் சொன்னார். மணல் நிரம்பிய மாதிரி, இரும்பு வார்த்த மாதிரி, தொடையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. "இப்ப தூக்கிப் பாருங்க," என்றார். தூக்கினான். கை வரவில்லை. எட்டுக் கிலோவைத் தலைக்கு மேலே சுழற்றுகிற கை, தொடையில் செத்த பாம்பாகக் கிடந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு அவர் எண்ணினார், கை லேசாகி மேலே வந்தது.

"கட்டிப் போட்டுட்டீங்க!" என்றான் கண்ணில் நீரோடு.

"நான் கட்டல. கை கனமாகட்டும்னு நான் சொன்னேன், நீங்க அதுக்கு எடம் குடுத்தீங்க. செஞ்சது நீங்க. அது உங்களால முடியும்னு காட்டத்தான்..."

மேற்கொண்டு அவர் சொன்னது எதுவும் அவனுக்கு ஏறவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு. கை கட்டப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். படியிறங்கும்போதே அந்தக் கையை இடது கையால் தடவிக்கொண்டே வந்தான். அதற்குப் பிறகு அவன் அந்த அறைப் பக்கம் போகவில்லை. பூட்டுப் போட்டாகிவிட்டது, இன்னும் என்ன?

மறுநாள் யார்டில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான். "இனிமே எவனும் பயப்பட வேணாம். டாக்டரம்மா என் கையக் கட்டிட்டாங்க. நெனச்சாலும் ஓங்க வராது."

கேஸ் மட்டும் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தான். ஓட்டைப் பல்லோடு சிரித்தான். சம்மட்டியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

எல்லோரும் பின்வாங்கினார்கள். அடுத்து நடக்கப்போவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சம்மட்டி நின்ற இடத்தில் நின்றான். கன்னம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை தொடையோரம் தொங்கியது.

"பாத்தியா?" என்றான் பெருமையாக. "வரல பாரு!"

குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். அந்த யார்டில் அன்றிலிருந்து இரண்டு சாதி முட்டாள்களுக்கும் பஞ்சமில்லை. முதல் வாரம் கேஸ் மட்டும் அடித்தான். இரண்டாவது வாரம் ஆளுக்கு ஆள் வந்தார்கள். எதற்கு அடிக்கிறோம் என்று அடிப்பவனுக்கே தெரியாது; அடிக்கலாம் என்பதே போதுமாக இருந்தது. எண்ணெய்த் துணியை முகத்தில் எறிந்தார்கள். முழங்காலின் பின்புறம் உதைத்து விழவைத்தார்கள். டயர் கழற்றுகிறவன் ஒருநாள் நட்டு ஒன்றை வீசினான், புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் ஓடியது. இருபது வருஷமாக அவனை நம்பி உளி பிடித்தவன், சாது மாதிரி இருந்தவன், அவனும் ஒருநாள் வந்து தயங்கித் தயங்கி முதுகில் ஒரு குத்து விட்டுப் போனான். குத்திவிட்டு, "சும்மா ஒரு பரீட்சதான்," என்றான். மாடி ஜன்னலிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நிற்காதவரை அவருக்கு ஒன்றுமில்லை.

சம்மட்டிக்கு வலித்தது. அவமானமாகவும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு அடியும் அவனுக்கு ஒரு சான்றிதழ். உடைந்த உதட்டை, வீங்கிய கண்ணைக் கைபேசியில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினான். "இன்னைக்கு நாலு பேர். கை வரல," என்று கீழே எழுதினான். புருவம் கிழிந்த அன்று தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போனவன், எக்ஸ்ரே அறை வாசலில் நின்று மைத்துனனைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டினான்.

"நல்லா பாரு மாப்ள. திருப்பி ஒண்ணு குடுக்கல. அக்காகிட்ட போய் உன் வாயால சொல்லு."

மாவுக்கட்டுப் பிரித்து ஐந்தாவது நாள் அவள் வந்தாள். ஒரு பையோடு வந்து, வாசலுக்குப் பக்கத்திலேயே அதை வைத்தாள். முதல் வாரம் அவன் எழுந்தால் அவளும் எழுந்தாள். தண்ணீரைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து நகர்த்தினாள். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடவில்லை, பயத்தில். பிறகு மெல்ல மெல்ல அவள் தோள் இறங்கியது. அவன் கத்தினான், ஒருதரம் தட்டைக்கூட வீசினான். கை அவள் பக்கம் வரவில்லை. வரவில்லை என்று இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். யார்டில் வாங்கிவந்த காயங்களுக்கு அவள் மருந்து போட்டாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்," என்றாள் ஒருநாள். "கால் நோவு, வயித்து நோவு மாதிரி இதுவும் ஒரு நோவு. இத்தன வருஷம் வைத்தியம் தெரியாமக் கெடந்தோம். உங்க மேல எனக்கு வருத்தம் இல்லங்க."

அவன் அழுதான். அவளும் அழுதாள். இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் அழுதது அன்றுதான். மறுநாள் அவள் பையைப் பிரித்துத் துணிகளைப் பீரோவில் அடுக்கினாள்.

யார்டில் கேஸுக்கு மட்டும் ஆறவில்லை. அடிப்பதில் சுகம் இருந்தது முதல் பத்து நாள்தான். திருப்பி அடிக்காதவனை அடிப்பது, சுவரை அடிப்பதாக ஆகிவிட்டது. போதாக்குறைக்கு அடிவாங்கியவன் சிரிக்கிறான். கேஸ் தினம் தினம் ஓட்டைப் பல்லை நாக்கால் துழாவிக்கொண்டு அவனையே பார்த்தான். ஒரு பகலில், லாரியின் வில்பட்டை ஒன்றை, கை நீளத்துக்கு வெட்டிய தடித்த எஃகுப் பட்டையை, எடுத்துக்கொண்டு நேரே வந்தான்.

"பொண்டாட்டி வந்துட்டாளாமே? இப்ப வீட்ல யாரு யாரக் குத்துறது? நீ அவளயா, அவ உன்னயா? நான் வேணா வந்து ஒரு கை குடுக்கட்டுமா அவளுக்கு?"

கேஸ் பட்டையை ஓங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது, எலும்புவரை இறங்கியது. இரண்டாவது அடி விலாவில். சம்மட்டி முட்டி போட்டான். மூன்றாவது அடி நெற்றியைக் குறிவைத்து வந்தது. அது விழுந்திருந்தால் மண்டை பிளந்திருக்கும், சந்தேகமில்லை.

விழவில்லை. கை மேலே வந்து பட்டையைப் பிடித்துக்கொண்டது. வெட்டிய விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது, ரத்தம் முழங்கைவரை வழிந்தது, பிடி தளரவில்லை. சம்மட்டி எழுந்தான். பட்டையை ஒரே இழுப்பில் பறித்தான். கேஸ் தடுமாறி மல்லாக்க விழுந்தான். பட்டை சம்மட்டியின் தலைக்கு மேலே ஏறியது. கீழே கிடந்தவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நாய் மாதிரி ஊளையிட்டு அழுதான்.

பட்டை இறங்கவில்லை. சம்மட்டி அதைப் பக்கத்தில் இருந்த தகரக் குவியலில் வீசினான். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று. அடித்தவனைப் பார்த்து அவன் பயப்படவில்லை. கை மேலே வந்துவிட்டது. பூட்டு கழன்றுவிட்டது!

துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசற்படியிலேயே நின்று கத்தினான்.

"கிட்ட வராத! அவுந்துடுச்சு! கை தூக்கிடுச்சு, டாக்டரம்மா போட்ட கட்டு அவுந்துடுச்சு! நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு, நான் மறுபடி கட்டிட்டு வர்றேன்."

அவள் ரத்தத்தைப் பார்த்தாள். துணிப்பையை எடுக்கவில்லை. அடிக்கிறவன் அடிப்பதற்கு முன்னால் ஓடிவந்து எச்சரிக்கிறான், இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அந்த நிமிஷம் அவள் நினைத்தாள். "நானும் வர்றேன். சேந்தே போய்க் கட்டிட்டு வருவோம்," என்றாள்.

தையல் போட்ட கையோடு அவன் டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தான். அவள் பின்னாலேயே நின்றாள். "இவங்க முன்னாடி பேசலாமா?" என்று டாக்டரம்மா கேட்டார். பேசலாம் என்றான். எல்லாவற்றையும் கொட்டினான்: யார்டு, அறைகள், நட்டு, பட்டை, கை தூக்கியது. "இந்தத் தடவ இன்னும் இறுக்கமாக் கட்டிடுங்கம்மா. இவ வீட்டோட இருக்கணும்."

டாக்டரம்மா அவன் முகத்தில் இருந்த தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன கட்டு? நான் எதையும் கட்டலங்க. அன்னைக்கே சொன்னேன். யாராலயும் அப்படிக் கட்ட முடியாது. விருப்பமில்லாதத செய்ய வைக்கவும் முடியாது, கைய மொடக்கி வைக்கவும் முடியாது. அன்னைக்கு அந்த நாற்காலியில நடந்தது அங்கயே முடிஞ்சுபோச்சு. இத்தன நாளா நீங்க வாங்கின அடி ஒவ்வொண்ணுக்கும் திருப்பி அடிக்காம இருந்தது நீங்கதான். இன்னைக்கு உயிருக்கு ஆபத்துன்னதும் தடுத்தீங்க. அதுவும் நீங்கதான். பட்டைய ஓங்கிட்டு அடிக்காம வீசினீங்க பாருங்க, அதுவும்."

சம்மட்டியின் முகம் மலர்ந்தது. "அப்ப கை என்னோடதா? என் பேச்சக் கேக்குதா?" குழந்தை மாதிரி மனைவியின் பக்கம் திரும்பினான். "கேட்டியா? கட்டே இல்லயாம்! நானேதானாம்! இனிமே அவுந்துடுமோன்னு பயமே வேணாம்!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"இந்த ஒண்ணர மாசமா கைய அடக்கி வச்சிருந்தது இவருதானா?"

"ஆமாம்மா."

"அதுக்கு முன்னாடி?"

டாக்டரம்மா குறிப்பேட்டை மூடி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

"கோவம் வர்றது யார் கையிலயும் இல்லம்மா. பழகிப்போனத மாத்தறது சுலபமும் இல்ல, சிலருக்கு வருஷக்கணக்கா உதவி வேணும். ஆனா..." நிறுத்தினார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "முன்னாடியும் அது அவர் கைதான்."

"முதலாளிய இவரு ஒருநாளும் அடிச்சதில்ல," என்றாள் அவள், தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல. "உளி புடிக்கிறவன் வெரல்ல ஒரு நாளும் பட்டதில்ல. குறி தவறாதுன்னு ஊரே சொல்லும். நான்தான் பாத்திரம் கழுவுற எடத்துலல்லாம் போய்ச் சொன்னேன், நோவு, நோவுன்னு." அப்புறம் டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "கட்டு இருக்குன்னே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்? நான் இருந்துட்டுப் போயிருப்பேனே."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவனுக்கு அப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது, அதுவும் முழுசாக இல்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பின்னாலேயே ஓடினான். நீளமான தாழ்வாரம், எக்ஸ்ரே அறை, மருந்து வாங்க நிற்கிறவர்களின் வரிசை, எல்லாவற்றையும் கடந்து பேருந்து நிறுத்தம்வரை அவள் திரும்பவில்லை.

"ஏய், நில்லு. இப்பதான் சரியாயிடுச்சுல்ல? ஒண்ணர மாசமா ஒரு அடி அடிச்சனா? இனிமேயும் அடிக்க மாட்டேன். என்னால முடியுதுன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் என்ன?"

"அதான்," என்றாள்.

"எதான்?"

"முடியுது. அதான்."

அவளுடைய அக்கா வீட்டுப் பக்கம் போகும் பேருந்து தூரத்தில் திரும்பியது. அவன் வழியை மறித்து நின்றான். "அது கோவத்துல... அப்பல்லாம் கை தானா..." என்று தொடங்கினான்.

அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பையைக் கீழே வைத்தாள். வலது கையை, முறிந்து ஒட்டி இன்னும் முழுக்க நீளாத அந்தக் கையை, பின்னால் இழுத்து அவன் கன்னத்தில் அறைந்தாள். கிழிந்து தைத்த புருவம் மறுபடி பிளந்தது. அவளுக்கும் வலித்திருக்க வேண்டும். முழங்கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"இது என் கை," என்றாள். "தானா வரல. நான்தான் அடிச்சேன். நல்லாத் தெரிஞ்சேதான் அடிச்சேன்."

பையை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். பேருந்து போய்விட்டது.

அவன் அங்கேயே நின்றான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது, துடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் கைக்குட்டையை நீட்டியபடி, "என்னங்க இது, நடுரோட்டுல? அந்தம்மாவ என்ன பண்ணீங்க நீங்க?" என்று கேட்டார்.

பழகின பதில் நாக்குவரை வந்தது. சம்மட்டி அதை விழுங்கினான். விழுங்க நேரம் பிடித்தது.

"அடிச்சேங்க," என்றான். "இருபத்திரண்டு வருஷமா நான்தான் அடிச்சேன்."

நீட்டிய கைக்குட்டையை மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெரியவர் நாலடி தள்ளிப் போய் நின்றார்.